தோட்டா எங்கே போய் நிற்கும்?

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

போன மாதம் ஒரு நேயரிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது. நம்ம ஊர்ப் பையன்தான், இப்போ சென்னையில் ஐ.டி. வேலை. அவருடைய பெரியப்பா மகன் டெக்சாஸில் இருக்கார். அங்கே போனப்போ, கட்டில் பக்கத்தில் ஒரு குட்டி லாக்கர், உள்ளே கைத்துப்பாக்கி. "வீட்டுக்கு வெச்சுக்கிற துப்பாக்கியில் ஹாலோ பாயிண்ட் தோட்டாதான் இருக்கணும், வேற எதுவும் கூடாது"ன்னு அண்ணன் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்திருக்கார். நேயர் என்னிடம் கேட்டது இது: "ப்ரோ, தூத்துக்குடியில் அப்பா அம்மா தனியா இருக்காங்க. பக்கத்துத் தெருவில் ரெண்டு வீட்டில் திருட்டு. நம்ம ஊரில் இதுக்கு என்ன பதில்?"

நான் வக்கீலும் இல்லை, போலீசும் இல்லை, கோடு எழுதிச் சம்பாதிக்கிற ஆள். ஆனா இந்தக் கேள்விக்குள் சட்டம், இயற்பியல், நம்ம ஊர் வரலாறு மூணுமே இருக்கு. அதனால்தான் தனி எபிசோட்.

முதலில் ஒரு வார்த்தை விளக்கம். தோட்டான்னு நாம சொல்றது முழுப் பொட்டலத்தை. வெளியே ஒரு கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கிற பிரைமர், உள்ளே மருந்து, முன்னால் ஈயக் குண்டு. சுட்டதும் பறப்பது குண்டு மட்டும். கூடு பின்னாலேயே நின்றுவிடும். "எந்தத் தோட்டா நல்லது"ன்னு கேட்டால், உண்மையில் நாம கேட்பது, அந்தக் குண்டு எவ்வளவு சக்தியோடு போய், எங்கே நிற்கும் என்பதுதான்.

அமெரிக்க அண்ணன் சொன்னது தப்பில்லை, அவர் வீட்டுக்கு. ஹாலோ பாயிண்ட் என்றால் மூக்கில் குழி உள்ள குண்டு. உடம்பில் பட்டதும் குடை மாதிரி விரியும், விரிந்தால் வேகம் குறையும், மறுபக்கம் வெளியே வந்து பின்னால் நிற்கிறவரைத் தாக்கும் வாய்ப்பும் குறையும். 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் கொள்ளையர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள். ஒரு கொள்ளையன் உடம்பில் பாய்ந்த குண்டு இதயம் வரை போகாமல் நின்றது, அதன் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். அதுக்கப்புறம் எஃப்.பி.ஐ. ஜெலட்டின் கட்டிகளில் சுட்டு அளந்து ஒரு அளவுகோல் வைத்தது: குண்டு குறைந்தது 12 அங்குலம் போகணும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இன்றைக்கும் அங்கே தோட்டா விற்கிற கம்பெனிகள் இந்த எண்களைத்தான் விளம்பரத்தில் போடுகின்றன.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு. விரியும் குண்டுக்கு உலகம் முழுக்க "டம்டம்" என்று ஒரு பெயர் உண்டு. அந்த டம்டம், கல்கத்தா விமான நிலையம் இருக்கும் அதே டம்டம். 1890-களில் அங்கிருந்த பிரிட்டிஷ் ஆயுத ஆலையில் செய்த குண்டு அது. 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டைத் தடை செய்தது. அதாவது எதிரிச் சிப்பாய் மீது சுடக் கூடாத குண்டை, நகரத்துப் போலீஸும் வீட்டுக்காரரும் பயன்படுத்துகிறார்கள். முரண் மாதிரி தெரியும். ஆனா போர்க்களத்தில் பின்னால் நிற்பவனும் எதிரி. நகரத்தில் பின்னால் நிற்பது பக்கத்து வீட்டுக் குழந்தை. கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

சட்டமே பாதியை முடிவு பண்ணிவிடும்

1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டும் இல்லை, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேணும். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்பதும் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். தோட்டா மட்டும் தனியாக, "சும்மா ஞாபகத்துக்கு" வைத்திருந்தாலும் கேஸ்தான். ஏர்போர்ட்டில் பையிலிருந்து ஒற்றைத் தோட்டா எடுக்கப்பட்டு விமானத்தை விட்ட ஆட்கள் பற்றி அடிக்கடி செய்தி வரும், கவனிச்சிருப்பீங்க.

அடுத்தது, எது தடை என்ற பட்டியல். .303, 7.62 மி.மீ. சர்வீஸ் தோட்டாவைப் போடக்கூடிய ரைஃபிள்கள் தடை. சர்வீஸ் 9 மி.மீ. தோட்டா போடக்கூடிய பிஸ்டலும் தடை. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் தொட முடியாது. பட்டியலைப் படித்தால் தர்க்கம் புரியும்: ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா சாதாரண ஆள் வீட்டு பீரோவில் பொருந்தவே கூடாது. ஆக, டெக்சாஸ் அண்ணனின் 9 மி.மீ. பற்றிய ஒரு மணி நேர கிளாஸ் இங்கே முதல் நிமிடத்திலேயே காலி.

மிச்சம் இருப்பது என்ன? பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று .32 கைத்துப்பாக்கி. கான்பூரில் அரசு ஆலை செய்யும் ரிவால்வர்தான் பலரும் வாங்குவது. 2014-இல் "நிர்பீக்" என்று பெண்களுக்காக எடை குறைந்த ஒன்றை விட்டார்கள். விலை 1,22,360 ரூபாய். அப்போதைய என் முதல் வருடச் சம்பளத்தில் எத்தனை மாதம்னு கணக்குப் போட வேண்டாம். இன்னொன்று 12 போர் துப்பாக்கி. போர்னா சண்டை இல்லை, குழலின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சமமான உருண்டையாக உருட்டினால், ஒரு உருண்டையின் விட்டம்தான் அந்தக் குழலின் விட்டம், கிட்டத்தட்ட 18.5 மி.மீ. பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி அண்ணாச்சியின் மடியில் இருக்குமே, அந்த டபுள் பேரல்தான்.

சட்டத்தின் 13-வது பிரிவில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கு. "பாதுகாப்புக்காக" என்ற சொல்லோடு சேர்த்து அது பெயர் சொல்வது, குறைந்தது 20 அங்குலக் குழல் கொண்ட, உள்ளே வரி இல்லாத துப்பாக்கியை. அதாவது இந்த 12 போர் வகையை. ரிவால்வர் வேணும்னா நல்ல காரணம் இருக்கிறது என்று லைசென்ஸ் தரும் அதிகாரி ஒப்புக்கொள்ளணும். வீட்டுக்கு எது என்ற கேள்விக்கு 1959-லேயே பார்லிமெண்ட் ஒரு டீஃபால்ட் வைத்துவிட்டது.

ஜூல் கணக்கு

அந்த டீஃபால்ட் ஏன் மோசமில்லைன்னு பார்க்க ஒரே ஒரு ஃபார்முலா போதும். பிளஸ் ஒன்னில் படித்தது: நிறையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். விடை ஜூலில் வரும்.

ஏர்கன்னிலிருந்து ஆரம்பிப்போம். 2016 ஆயுத விதிகளில் அரசே ஜூலில் ஒரு கோடு போட்டிருக்கு: .177 அளவு வரை, 20 ஜூல் வரை என்றால் லைசென்ஸ் வேண்டாம். இந்த 20-ஐ மனசில் வெச்சுக்கோங்க.

.32 ரிவால்வர் குண்டு 6 கிராம் சொச்சம், வேகம் விநாடிக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் 150 ஜூல் பக்கம் வரும்.

12 போரில் கதை வேற. ஒரே கூட்டுக்குள் பல குண்டுகள். சின்ன நம்பர் தோட்டா என்றால், 6-ஆம் நம்பரை எடுத்துக்கலாம், 2.6 மி.மீ. விட்டமுள்ள கடுகு மாதிரிக் குண்டுகள் 250-க்கும் மேல் இருக்கும். மொத்தமாக 2,000 ஜூலைத் தாண்டும். ஆனா ஒரு குண்டின் பங்கு 8, 9 ஜூல்தான். ஏர்கன் கோட்டுக்கும் கீழே. எஸ்.ஜி. என்று சொல்லும் பெரிய குண்டுத் தோட்டாவில் 8.4 மி.மீ. குண்டுகள் ஒன்பது மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் 250 ஜூல் பக்கம். அதாவது எஸ்.ஜி.யை ஒரு தடவை சுடுவது, ரிவால்வரை ஒன்பது தடவை ஒரே நேரத்தில் சுடுவதை விட அதிகம்.

இங்கே பலரும் ஒரு தப்பான முடிவுக்கு வருவாங்க: "அப்போ சின்னக் குண்டு ஆபத்தில்லாதது." இல்லவே இல்லை. ஒரு அறைக்குள், மூணு நாலு மீட்டரில், அந்த 250 குண்டும் பிரிவதற்கு முன்னாலேயே ஒரே கட்டியாகப் போய்ப் பாயும். அந்தத் தூரத்தில் அது உயிரை எடுக்கும். தூரத்தில் பிரிந்தால் உயிர் தப்பலாம், கண் தப்பாது. 2016-இல் காஷ்மீரில் கூட்டத்தைக் கலைக்கப் பயன்படுத்திய பெல்லட் துப்பாக்கிகளால் எத்தனை இளைஞர்கள், சிறுவர்கள் பார்வை இழந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சின்னக் குண்டின் நன்மை ஒன்றே ஒன்று: அது சீக்கிரம் நின்றுவிடும். எடை குறைவு என்பதால் காற்றிலேயே வேகம் இழக்கும், பூசிய செங்கல் சுவரைத் தாண்டாது.

சுவர் என்றதும் அண்ணன் வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வருது. அமெரிக்க வீட்டின் உள்சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவில் வெற்றிடம். கைத்துப்பாக்கிக் குண்டும் எஸ்.ஜி. மாதிரி பெரிய குண்டும் அதைத் தாண்டி அடுத்த படுக்கையறைக்குப் போகும். அவர்களுடைய தோட்டா விவாதம் முழுக்க இந்தப் பயத்திலிருந்து வருவது. நம்ம வீடுகளில் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் நாலரை. இங்கே துளைப்பதை விடத் தெறிப்பது பெரிய பிரச்சினை. சிமெண்ட் தரை, கிரானைட், காங்கிரீட் தூண், இதிலெல்லாம் சாய்வாகப் பட்ட குண்டு எங்கே திரும்பும்னு யாராலும் சொல்ல முடியாது. அப்புறம் திறந்த ஜன்னல். தூத்துக்குடி வெக்கையில் ராத்திரி ஜன்னலைச் சாத்தித் தூங்குகிறவர் யார்? திரேஸ்புரம், ஜார்ஜ் ரோடு பக்கம் சந்துகளில் ஒரு ஜன்னலுக்கும் எதிர் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு பைக் போகிற இடம்தான் இருக்கு. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ தகரமோ போட்ட அறை இருந்தால், அது குண்டுக்குச் சுவரே இல்லை.

நம்ம வேலையில் ஒரு மாற்றம் பண்ணும் முன்னாடி, "இது சொதப்பினால் எது வரைக்கும் பாதிக்கும்"னு கேட்போம் இல்லையா. அதே கேள்விதான். குறி தப்பின குண்டு எந்த வீட்டுச் சுவரில் போய் நிற்கும்?

7.62

இந்தக் கேள்வியை நம்ம ஊர் ஒரு தடவை கேட்டிருக்கு. பதில் தெரிந்தும் இருக்கு.

ஜூல் கணக்கில் கடைசியாக ஒன்றை விட்டுவைத்தேன். எஸ்.எல்.ஆர். ரைஃபிளின் 7.62 மி.மீ. தோட்டா. 9 கிராம் சொச்சம் எடை, விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகம். 3,200 ஜூலைத் தாண்டும். ரிவால்வரைப் போல 20 மடங்குக்கு மேல், அதுவும் ஒரே கூர்மையான குண்டில். நாலரை அங்குலச் சுவரை நம்பி அதன் பின்னால் நிற்க முடியாது. திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். போர்க்களத்துக்கு என்றே வடிவமைத்தது. நம்ம வீட்டில் இருக்கவே கூடாது என்று சட்டம் தடை செய்த அதே தோட்டா.

2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் 100-வது நாள். கோரம்பள்ளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸை நோக்கி மக்கள் போனார்கள். வேன் மேல் ஏறி நின்று ஒரு போலீஸ்காரர் ரைஃபிளால் குறி பார்க்கும் வீடியோவை நாம எல்லாரும் பார்த்தோம். துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 13 பேர். கலெக்டர் ஆபீஸில் மட்டும் இல்லை, ஊரின் மறுகோடியில் கடலோரத் திரேஸ்புரத்திலும், மறுநாள் அண்ணா நகரிலும் சுட்டார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை கொடுத்தது, அக்டோபரில் அது சட்டசபையில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது சுட்டார்கள் என்றும், 17 போலீசார் மீது நடவடிக்கை எடுக்கணும் என்றும் அறிக்கை சொன்னது.

யார் உத்தரவு கொடுத்தது, ஏன் சுட்டார்கள் என்பது பெரிய விவாதம், அதற்கு இந்த எபிசோட் போதாது. நான் தோட்டாவை மட்டும் பேசுகிறேன். இது ஆணையத்தின் வார்த்தை இல்லை, என் கருத்து: ஆயிரக்கணக்கான பேர் நெருக்கமாக நிற்கும் இடத்துக்கு 3,200 ஜூல் தோட்டாவை எடுத்துப் போன அந்த நிமிடமே ஒரு தேர்வு நடந்துவிட்டது. யாரைக் குறி பார்த்தாலும் அந்தக் குண்டு அவரோடு நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வீட்டில் ஒரு குடிமகன் இதையே செய்தால், எந்தத் தோட்டாவை வைத்திருந்தாய் என்பதே தனிக் குற்றமாகியிருக்கும்.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கு. 2024 ஜூலை 1-க்கு முன்னால் இ.பி.கோ. 96 முதல் 106. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் ஒருவன் வீட்டை உடைத்து நுழைந்தால், எதிர்த்து உயிர் போகும் அளவு வரை கூட உரிமை நீளலாம் என்கிறது 41. ஆனா தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸ் உதவி கேட்க நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிறது 37. சுவரேறிக் குதித்து ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு 41-ஐக் காட்ட முடியாது. 44-வது பிரிவு இன்னும் நுட்பமானது. உயிருக்கே ஆபத்தான தாக்குதலில், அப்பாவி ஒருவருக்கு ஆபத்து வராமல் தற்காத்துக்கொள்ள வழியே இல்லை என்றால், அந்த ஆபத்தை எடுக்கவும் உரிமை உண்டு என்கிறது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம், கூட்டத்தில் கலந்து நிற்கும் சின்னக் குழந்தைகள். அந்தக் காலத்து ஆட்களுக்கும் குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கவலை இருந்திருக்கு.

லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிற வீடுகளுக்கு

கேட்கிறவர்களில் சிலர் வீட்டில் உண்மையிலேயே பழைய டபுள் பேரல் இருக்கும். தோட்டம், உப்பளம் வைத்திருந்த குடும்பங்களில் இது அதிகம். உங்களுக்கு நாலு விஷயம்.

12 போர் தோட்டாவில் 65 மி.மீ., 70 மி.மீ. என்று நீள வித்தியாசம் இருக்கு. பழைய துப்பாக்கிகள் பலதும் 65-க்குச் செய்தவை. அதில் 70 உள்ளே நுழைந்துவிடும், பொருந்திய மாதிரியே இருக்கும். சுடும்போது முன்பக்கம் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் எகிறும். குழலில் என்ன பொறித்திருக்கு என்று பார்த்த பிறகே வாங்கணும், புரியலைன்னா லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்க்காரரிடம் காட்டுங்க. அதே மாதிரி .32. ரிவால்வருக்கும் .32, பிஸ்டலுக்கும் .32. பெயர்தான் ஒன்று, தோட்டா வேற வேற. ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் எழுதி வைத்தவனைத் திட்டுவோமே, அப்படித்தான் இதுவும்.

அடுத்தது நம்ம ஊர் ஸ்பெஷல்: உப்புக் காற்று. கேட் கம்பியையே இரண்டு வருடத்தில் தின்கிற காற்று, பீரோவில் கிடக்கும் பித்தளையை விட்டுவைக்குமா? பச்சையாகக் களிம்பு ஏறிய தோட்டா, ஊதிப்போன காகிதக் கூடு, இதெல்லாம் சுடுவதற்கு இல்லை. விசையை அழுத்தியும் வெடிக்காமல் சில விநாடி கழித்து வெடிப்பதும் நடக்கும். அதனால் வெடிக்கலைன்னா உடனே குழலைத் திருப்பிப் பார்க்கவோ திறக்கவோ கூடாது. பாதுகாப்பான பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடம் நிற்கணும். கெட்ட தோட்டாவைக் குப்பையிலோ கடலிலோ போடாதீங்க. டீலரிடமோ ஸ்டேஷனிலோ கொடுத்து எழுதி வாங்கிக்கணும்.

துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும். "அப்போ திருடன் வந்தால் எடுக்கவே நேரம் இருக்காதே"ன்னு கேட்பீங்க. ஆமாம், இருக்காது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்தத் தாமதம்தான் எனக்கு முக்கியம்.

நேயருக்கு நேரடிப் பதில்: எழுபது வயதில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு நான் எந்தத் தோட்டாவையும் பரிந்துரைக்க மாட்டேன். இரும்பு கேட், உள்தாழ்ப்பாள், வாசலில் சென்சார் லைட், பக்கத்து வீட்டு நம்பர், 112. அதையும் மீறி லைசென்ஸ் வேணும்னா விண்ணப்பம் போவது கலெக்டரிடம், அதே கோரம்பள்ளம் ஆபீஸுக்கு. போலீஸ் விசாரணை இருக்கும், பயிற்சிச் சான்றிதழ் கேட்பாங்க. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியும் உத்தரவு வரும்.

கடைசியா, இன்ஸ்டாவில் நிறைய பேர் கேட்ட ஒன்று: "தாத்தா தவறிட்டார், அவர் துப்பாக்கி பரணில் இருக்கு, என்ன பண்ண?" லைசென்ஸ் தாத்தா பெயரில்தான், உங்க பெயரில் இல்லை. தாமதம் பண்ணாமல் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்க. வாரிசாக உங்க பெயருக்கு லைசென்ஸ் கேட்க விதிகளில் வழி இருக்கு, அதை நிதானமாகப் பண்ணலாம். பரணை இன்னொரு தடவை நல்லா தேடுங்க. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் நாலு தோட்டாவை மறந்து விட்டுவிடுவாங்க. அதுவும் கணக்கில் உண்டு.